ஓரச் சிப்பாய்

“மேடம், என் ஓரச் சிப்பாய் இனிமே செல்லாது. எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க. வேற ஏதாவது கோணலான ஆரம்பம் இருந்தா சொல்லிக் குடுங்க” என்றார் தவமணி.

தவமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. பேருந்து நடத்துநர். எந்தச் செஸ் போட்டிக்குப் போனாலும் முதல் நகர்த்தலாக ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். கறுப்புக் காய் வந்தாலும் அதே கூத்துதான். உருப்படியாக ஆடுகிற யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் அவர் பெயரே ‘ஓரச் சிப்பாய்’ என்று ஆகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேடம் என்பது ஜமீலா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். நாட்டுக்காக ஆடிவிட்டு வந்து, ஊரில் ஒரு மாடியில் செஸ் சொல்லிக் கொடுக்கிறார்.

“எத்தனை வருஷமா இப்படி ஆடுறீங்கண்ணே?”

“இருபத்தி நாலு வருஷம்.”

“ஏன்?”

“எதிராளி மனப்பாடம் பண்ணிட்டு வந்ததெல்லாம் ஒரே தள்ளுல வீணாப் போயிரும்ல?”

அது உண்மைதான். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன்கூட அந்தச் சிப்பாயைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த விழிப்பான். அந்த ஒரு நிமிஷம் தவமணிக்குத் தேனாக இனிக்கும். அதற்கப்புறம் அவன் நிதானமாக ஆடி ஜெயித்துவிட்டுப் போவான்.

“தோத்த ஆட்டத்தோட ஸ்கோர் ஷீட்டெல்லாம் வச்சிருக்கீங்களா?”

ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்துவைத்த அந்தத் தாள்களை அவர் வைத்திருந்தார். மறுவாரம் ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்தார்.

ஜமீலா பையை வாங்கவில்லை.

“இதுல ஓரச் சிப்பாய் இல்லாம நேரா ஆடித் தோத்தது ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

தவமணி தரையில் உட்கார்ந்து தேடினார். தேடத் தேட அவர் கை மெதுவாகிக்கொண்டே போனது.

“அப்படி ஒண்ணுகூட இல்ல மேடம்.”

“தோத்துட்டுப் போனா வீட்ல என்ன சொல்லுவீங்க?”

“ஆரம்பம்தான் காலை வாரிருச்சு, இல்லாட்டி ஜெயிச்சிருப்பேன்னு சொல்லுவேன்.”

“அவங்க?”

“ஆமாங்கன்னு சொல்லுவா.”

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. தாள்களை அள்ளிப் பையில் திணித்தார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலை தேடி வந்துச்சு. போட்டிக்கு லீவு கிடைக்காதுன்னு வேண்டாம்னுட்டேன். பிள்ளைகளை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. நிஜமாவே எனக்கு இந்த ஆட்டம் வருமா, வராதா? அது தெரிஞ்சாப் போதும்.”

ஜமீலா பலகையை எடுத்து விரித்தார். வெள்ளைக் காய்களைத் தவமணி பக்கம் வைத்தார்.

“ராஜா முன்னாடி நிக்கிற சிப்பாய். ரெண்டு கட்டம்.”

பழக்கதோஷம். தவமணியின் கை நேராக ஓரத்துக்குப் போய் அந்தச் சிப்பாயைத் தொட்டுவிட்டது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும், அது விதி. அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். ஜமீலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“நான் எதையும் பார்க்கலண்ணே.”

வெகுநேரம் கழித்துத்தான் தவமணி கையை எடுத்தார். ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார்.

முதல் பத்து நகர்த்தல் ஊரறிந்த பாதை. ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இருபதாவது நகர்த்தலில் ஜமீலாவின் டீ ஆறிப்போயிருந்தது. முப்பதாவதில் ஜமீலா இரண்டு கையாலும் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

ஐம்பத்து மூன்றாவதில் தவமணி யானையை வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டார். அவ்வளவுதான். ஐந்து நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

தவமணி கை கொடுத்தார். ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். இருபத்தி நாலு வருஷத்தில் சாக்கு எதுவும் இல்லாமல் தோற்றது இதுதான் முதல் தடவை.

“அப்ப வராதுன்னு தெரிஞ்சு போச்சு. இல்லையா மேடம்?”

ஜமீலா காய்களைத் திரும்ப எடுத்து, ஆட்டம் நாற்பத்தோராவது நகர்த்தலில் எப்படி இருந்ததோ அப்படியே அடுக்கினார்.

“இந்த இடத்துல, தோத்துட்டேன்னு சொல்லி எழுந்துறலாம்னு நினைச்சேன்.”

“யாரு, நீங்களா?”

“நான்தான். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சுண்ணே. யார்கிட்டயும் எனக்கு அப்படித் தோணினதில்ல.”

தவமணி பலகையையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

“விடுங்கண்ணே, ஒரு ஆட்டம்தானே?” என்று பக்கத்து மேசைக்காரர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.