குடையைத் தொலைக்கப் போனவர்

"அம்மா, திருநெல்வேலிக்குக் குடிபோகலாமா, வேண்டாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

நாச்சியார் பதில் சொல்லவில்லை. சூளைமேட்டில் அவர் நடத்தும் தியானக் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு இது பழக்கம்தான். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும்.

மாசிலாமணி அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பணி ஓய்வு பெற்றவர்; மனைவி செண்பகம் பள்ளி ஆசிரியை. ஆனாலும் எல்லோரையும் போல அவரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன அவசரம்?" என்று கேட்டார் நாச்சியார்.

"செண்பகத்துக்கு அங்கே தலைமை ஆசிரியை வேலை வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லியாகணும். நான் வந்தாத்தான் போவேன்கிறா."

"முன்னாடியும் ஒரு தடவை வந்ததே?"

"வந்தது. நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"செண்பகம் என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு அடுப்படியை ரொம்ப நேரம் துடைச்சிட்டே இருந்தா."

நாச்சியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணிக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. படபடவென்று பேச ஆரம்பித்தார்.

"நல்ல ஊர்தான், இல்லைங்கலை. வாடகை பாதி. ஆத்துத் தண்ணி. ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். ஆனா வெயில் கொளுத்தும். என் முழங்கால் டாக்டர் இங்கே இருக்கார். கச்சேரி, புத்தகக் கண்காட்சி எல்லாம் இங்கேதான். அதை விடுங்க அம்மா. அங்கே எல்லாரும் எல்லாரையும் விசாரிப்பாங்க. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பேர் எனக்குத் தெரியாது, அவருக்கும் என் பேர் தெரியாது. இருபது வருஷமா நிம்மதியா இருக்கோம்."

நாச்சியார் எழுந்து போய் மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்து வந்தார். பழைய குடை. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"இதைத் திருநெல்வேலியில தொலைச்சிட்டு வாங்க."

"தொலைக்கணுமா?"

"தூக்கி எறியக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. மறந்து வச்சிட்டு வர்ற மாதிரி வச்சிட்டு வரணும்."

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டே மாசிலாமணி ரயிலேறினார்.

காலையில் ஜங்ஷனில் இறங்கியதும் ஒரு டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் குடையை மாட்டினார். டீ வந்தது, கூடவே விசாரணையும் வந்தது. எந்த ஊர், என்ன சோலி, பிள்ளைகள் எத்தனை, யார் வகையறா? கடைசிக் கேள்வியைத் தட்டிக் கழித்தார். மற்றதையெல்லாம் சொல்லித் தொலைத்தார். டீ மட்டும் அபாரமாக இருந்தது.

எழுந்து நடந்தார். பத்தடி போவதற்குள் டீ மாஸ்டரே பின்னால் ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, குடைய விட்டுட்டுப் போறியளே."

அடுத்து டவுன் பஸ். பாளையங்கோட்டையில் குடையை சீட்டிலேயே விட்டு இறங்கினார். தொல்லை விட்டது என்று கைவீசி நடந்தார். செண்பகத்தின் பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்தார். வேப்பமரங்கள், அகலமான வாசல். சும்மா சொல்லக் கூடாது, அவள் நடந்து போகிற மாதிரியான தெரு. அவருக்குள் ஏதோ இளகியது. அதை உடனே அடக்கினார்.

அதே பஸ் திரும்பி வந்தது. நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினார்.

"இதத்தான் தேடி அலையுதியளா?"

பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "வெயில்ல விரிச்சுப் பிடிங்க ஐயா, கையில வச்சுக்கிட்டே காயுதீங்களே" என்றாள் ஒரு பெண்.

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியம் தாமிரபரணிப் படித்துறைக்குப் போனார். தண்ணீரில் காலை நனைத்தார். அந்தக் குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. எழுந்திருக்கவே மனமில்லை. கடைசியில் எழுந்து, குடையைப் படியில் விட்டுவிட்டு, திருடனைப் போலத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சாயங்காலம் ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றார். கையில் சிவப்பு நூல் சுற்றிய குடை.

"புதுசா வரப்போற ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்காரர் நீங்கதான?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்துல துணி துவைச்ச அக்கா எங்கிட்டக் குடுத்தா. நான் ஜங்ஷன் டீக்கடையில கேட்டேன். குடைய மாஸ்டர் பாத்ததுமே சொல்லிட்டாரு, சாயங்கால வண்டிக்குப் போவாருன்னு."

மாசிலாமணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இதுக்குத்தான், இதுக்குத்தான் பயந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

"நாங்க வர்றதா இன்னும் முடிவு பண்ணலை" என்றார் வெடுக்கென்று.

"சரி, அண்ணாச்சி. முடிவு பண்ணினா, மாடி வீடு பாக்காதிய. கீழ் வீடாப் பாருங்க."

"ஏன்?"

"காலைச் சாய்ச்சுல்லா நடக்கிய. ரொம்ப நாளா வலிக்கோ?"

மாசிலாமணி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். செண்பகத்தையும் டாக்டரையும் தவிர யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"ரொம்ப நாளா" என்றார்.

அந்த ஆள் ரயில் கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, நுங்கம்பாக்கத்திலிருந்து நடந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தார். நாச்சியார் பாய்களை உதறிக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டேன் அம்மா. ஒரு குடையைத் தொலைக்க விட மாட்டேங்கறாங்க. ஊரே சேர்ந்து கொண்டுவந்து கொடுக்குது. உங்க குடை பத்திரமா இருக்கு."

"கொடுங்க" என்று நாச்சியார் கையை நீட்டினார்.

மாசிலாமணி தோள்பையைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். பிறகு வெறும் கையைப் பார்த்தார்.

"மின்சார ரயில்ல" என்றார் மெதுவாக. "ஜன்னல் கம்பியில மாட்டினேன்."

"பக்கத்துல ஆள் இருந்தாங்களா?"

"நிக்க இடமில்லை. அவ்வளவு கூட்டம்."

"யாரும் கூப்பிடலையா?"

மாசிலாமணி இல்லையென்று தலையாட்டினார்.

நாச்சியார் அடுத்த பாயை எடுத்து உதறினார்.

மாசிலாமணி வாசலுக்கு வந்து கைபேசியை எடுத்தார்.

"செண்பகம், வர்றோம்னு சொல்லிடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"திடீர்னு எப்படி? என்ன ஆச்சு அங்கே?"

"அங்கே ஒண்ணும் ஆகலை" என்றார் மாசிலாமணி. "இங்கே குடை தொலைஞ்சு போச்சு."