நாற்பது மில்லிகிராம்

கோதண்டம் பரிசோதனைத் தாளை மேசைமேல் தட்டென்று வைத்தார்.

"மறுபடியும் நாற்பது, மேடம்."

நஃபீசா எடுத்துப் பார்த்தார். மூடிக்கிடக்கும் பேட்டரி ஆலையிலிருந்து அள்ளி வந்த மண். கிலோவுக்கு நாற்பது மில்லிகிராம் காட்மியம் என்ற நச்சு உலோகம். முதல் விதை போடும் முன்பும் அதே எண்.

"நாலு அறுவடை. ஒரு மில்லிகிராம் இறங்கக் கூடாதா?"

கோதண்டத்துக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே, செடிகளைக் கொண்டு மண்ணின் நஞ்சை உறிஞ்சி எடுக்கும் பகுதி நேர ஆய்வு. நெறியாளர் நஃபீசா அவரைவிடப் பதினாலு வயது இளையவர். இந்த மாதத்தோடு ஆய்வுப் பதிவு முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது.

"செடி எப்படி இருக்கு, சார்?"

"செடிக்கென்ன, ஜம்முனு இருக்கு. சாதாரணக் கடுகு அந்த மண்ணுல பத்தே நாள்ல கருகிடுது. ஈஸ்ட் ஜீன் போட்டது இடுப்பளவு நிக்குது. குளூட்டாதயோன்ங்கிற காப்புப் பொருள் மூணு மடங்கு சுரக்குது. விஷத்தைக் கட்டிப்போட்டு இலையில வச்சுக்குது. இலையில எக்கச்சக்கமா இருக்கு, மண்ணுல மட்டும் குறையலன்னா எப்படி? இன்னொரு ஜீன் போடவா? இல்ல, விட்டுட்டுப் போகவா? நீங்களாவது சொல்லுங்க."

நஃபீசா எழுந்து செடிக்கூடத்துக்கு நடந்தார். கோதண்டம் புலம்பிக்கொண்டே பின்னால் போனார்.

சிமென்ட் தொட்டியிலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினார் நஃபீசா.

"இதை எங்க போடணும்?"

"குடுங்க. அதெல்லாம் விதிப்படிதான் செய்றேன். ஜீன் மாத்தின செடி, உயிரோட வெளிய போகக் கூடாது. ஆட்டோகிளேவ்ல வச்சு நீராவியில வேகவச்சுடுவேன். ஒரு விதைகூட முளைக்காது."

"வேகவச்சு?"

"நறுக்கி இந்தத் தொட்டியிலயே புதைச்சுடுவேன். நல்ல தழை மேடம், யாராவது வீணாக்குவாங்களா? மண்ணு எப்படிப் பொலபொலன்னு இருக்கு பாருங்க."

நஃபீசா கண்ணை மூடித் திறந்தார்.

"நாலு தடவையுமா?"

"ஒரு இலை விடாம."

"வேகவச்சா செடி செத்துடும். காட்மியம் எங்க போகும், சார்?"

செடியை வாங்க நீட்டிய கோதண்டத்தின் கை அப்படியே நின்றது.

தொட்டியின் ஓரத்தில், மண்மேல், பழுத்த இலை ஒன்று உதிர்ந்து கிடந்தது. அவர் குனிந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.