அப்புறம் பாத்துக்கலாம்

"எட்டு வருஷம் வீணாப்போச்சு ஜெபா. எதை முதல்ல படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி.

ஒரு காலத்தில் ஜெபசிங்குக்கு வேலை கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அப்போது வாடா, போடா. இப்போது அவன் அதே கோயம்புத்தூர் கம்பெனியில் புரோகிராம் எழுதும் குழுவுக்குத் தலைவன்; அவள் வேலை கேட்டு வந்தவள். 'நீங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள் அவன். ஆபீஸில் அவனுக்குச் சாமியார் என்றே பெயர்.

அவள் நீட்டிய பயோடேட்டாவைப் பார்த்தான். 2016க்கும் 2024க்கும் நடுவே வெறும் வெள்ளை. விரலை அங்கே வைத்தான்.

"இங்க என்ன நடந்துச்சுக்கா?"

"ஒண்ணும் நடக்கல. அம்மாவைப் பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

அவன் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தான்.

"நம்ம பழைய புரோகிராம்தான். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் நோயாளிக்கு மெசேஜ் அனுப்பும். சில பேருக்கு வரலயாம். ஏன்னு பாருங்க."

"புதுசா எதுவும் படிக்க வேண்டாமா?"

அவன் அதற்குள் டீ எடுக்கப் போய்விட்டான்.

முதலில் லாக்கை, எது போனது எது போகவில்லை என்று புரோகிராமே எழுதிவைக்கும் பதிவேட்டை, பார்த்தாள்.

"எல்லாமே போயிருக்கே. ஒரு பிழைகூட இல்ல."

"ஆமாக்கா. லாக் அப்படித்தான் சொல்லுது" என்றான் டீயை வைத்தபடி.

கொஞ்ச நேரம் கை தடுமாறியது. திரையில் பாதிக்கு மேல் மாறியிருந்தது. ஆனால் உள்ளே போகப் போகப் பழைய வீட்டில் நடக்கிற மாதிரி இருந்தது. மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

மெசேஜ் போகாவிட்டால் அந்தப் பிழையைப் பிடிக்கிற இடம் அது. பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த வரியில் 'அனுப்பியாச்சு' என்று எழுதிவைத்துவிட்டு நடையைக் கட்டுகிறது.

"முழுங்கிடுது ஜெபா! பிழையை முழுங்கிட்டு, போயாச்சுன்னு கூசாம பொய் சொல்லுது. எந்தப் புண்ணியவான் எழுதினது இதை?"

குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது. அவளுக்கே அது பிடித்திருந்தது.

ஜெபசிங் ஒரு விசையைத் தட்டினான். அந்த வரியை யார், என்றைக்கு எழுதியது என்று ஓரத்தில் வந்தது.

செண்பகவல்லி. 2016, மார்ச் 11.

அவளுடைய கடைசி வேலை நாள். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று போன் வந்திருந்த மத்தியானம். வரிக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: 'அப்புறம் பாத்துக்கலாம்.'

அவள் முகம் செத்துப்போனது.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்குப் போகலயோ?"

"தெரியாதுக்கா. எல்லாருக்கும் போயாச்சுன்னுதானே எழுதியிருக்கு."

யாரோ ஒருத்தர் போனை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார். மெசேஜ் வரவில்லை, அப்படியென்றால் உடம்பில் ஒன்றுமில்லை என்று நினைத்துச் சும்மா இருந்திருப்பார்.

"நான் கிளம்பறேன் ஜெபா. எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்ல."

அவன் பயோடேட்டாவை மறுபடி எடுத்தான். அதே வெள்ளை இடம். அதே விரல்.

"இங்க என்ன நடந்துச்சுக்கா?"

"அதான் சொன்னேனே, ஒண்ணும்..."

நிறுத்திக்கொண்டாள். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"அம்மாவுக்குப் பக்கவாதம். முழுங்க வராது. கஞ்சி புரையேறி நுரையீரலுக்குப் போனா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு கரண்டி குடுப்பேன். தொண்டை அசையுதான்னு பாப்பேன். 'போச்சாம்மா?'ன்னு கேப்பேன். தலையாட்டினாத்தான் அடுத்த கரண்டி. போகலன்னா நிமித்தி உக்காரவெச்சு, திரும்பவும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். எட்டு வருஷத்துல ஒரு கரண்டியைக்கூட அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டதில்ல."

அவன் ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"சாப்பிட்டு முடிச்சதும் குழறிக் குழறி ஒண்ணே ஒண்ணு சொல்வாங்க. 'என்னால உன் வேலை போச்சேடி.' நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. உள்ளுக்குள்ள ஆமான்னுதான் நினைச்சேன் ஜெபா. போன ஐப்பசியில போய்ச் சேந்துட்டாங்க."

ஜெபசிங் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான்.

"அந்தக் கரண்டியை இங்க எழுதுங்கக்கா."

அவள் பழைய குறிப்பை அழித்தாள். அனுப்பு. போச்சா என்று கேள். போகவில்லை என்றால் திரும்பவும் அனுப்பு. பதில் வராமல் அடுத்ததுக்குப் போகாதே. விரல்கள் யாரையும் கேட்காமல் ஓடின.

பாதியில் நின்றன.

"என் வேலை போகலம்மா" என்றாள்.

யாரிடம் சொல்கிறாள் என்று ஜெபசிங் கேட்கவில்லை.