தேனம்மை கேட்ட வீடு

மலையிலிருந்து மிளகு மூட்டைகள் எருதுகளின் முதுகில் இறங்கி வந்த காலத்துக் கதை இது. பிள்ளைகளும் கேட்கலாம். வீடு கட்ட நினைக்கிற பெரியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மேற்கு மலையின் அடியில் சாரலூர் என்று ஓர் ஊர். அங்கே வருஷத்தில் பாதி மழை, மீதி ஈரம். மண்சுவர் நிற்காது. அதனால் வசதியுள்ளவர்கள் மரத்தால்தான் வீடு கட்டினார்கள். கீழே கல், கல்மேல் தூண், தூண்மேல் உத்தரம். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கை இன்னொரு மரத்தின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கிவிடுவார்கள். ஒரு துண்டு இரும்பு கூட வேண்டியதில்லை.

அந்த ஊரில் சாத்தப்பன் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். அவர் மனைவி தேனம்மை. இருவரும் மூங்கில் வேய்ந்த ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அவர் மிளகு வாங்கி வருவார். அவள் முறத்தில் போட்டுக் கல் பொறுக்குவாள். தேனம்மை கை பட்ட மிளகு என்றால் சந்தையில் யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் அவள் பொறுக்கிய மிளகில் கல் கிடந்தது. அடுத்த சந்தையிலும் கிடந்தது. மூன்றாம் முறை அவளே முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்குக் கல்லும் மிளகும் ஒண்ணாத் தெரியுதுங்க" என்றாள்.

வைத்தியர் வந்தார். இலைச்சாறு விட்டார், எண்ணெய் விட்டார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அடுத்த மழை வரைக்கும் வெளிச்சம் இருக்கும் செட்டியாரே. அதுக்கப்புறம் என் மருந்துக்கு வேலை இல்லை" என்றார்.

சாத்தப்பன் அன்று சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் அவளுக்கு நான் என்ன செய்தேன், ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்த்தி வைத்தேன் என்று நினைத்தார். கண் மறைவதற்குள் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும், அவள் அதை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று அவருக்குத் தெரியும்.

நேராக மருதாசாரியிடம் போனார். சாரலூரில் பாதி வீடுகள் மருதாசாரி கட்டியவை.

"மாடி வேணும் ஆசாரியாரே. கூடம் பெரிசா, தூண் வரிசை வரிசையா நிக்கணும். ஒவ்வொரு தூண் தலையிலும் மயில் வேணும். மழைக்கு முன்னே முடியணும்."

ஆசாரி கொட்டகையில் கிடந்த மரத்தைத் தட்டிப் பார்த்தார். "இப்பத்தான் வெட்டினது. ஒரு வருஷமாவது நிழல்ல காயணும். ஈர மரத்தை ஏத்தினா அது தன் இஷ்டத்துக்குத் திருகும். கதவு திறக்காது."

"மரம் காயற வரைக்கும் அவ கண்ணு காத்திருக்காதுய்யா" என்றார் சாத்தப்பன். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மருதாசாரிக்கும் மனைவி இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, மனம் வரவில்லை. உளியை எடுத்துவிட்டார்.

தூண்கள் எழுந்தன. உத்தரங்கள் ஏறின. கூரை மூடியது. முதல் மழைமேகம் மலைக்குப் பின்னால் தலை காட்டியபோது வீடு முடிந்திருந்தது.

சாத்தப்பன் தேனம்மையின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தைக் காட்டினார். மாடியைக் காட்டினார். உயரத்தில் இருந்த மயில்களைக் காட்டினார். அவளுக்கு மயில்கள் புகை மாதிரி தெரிந்தன. ஆனாலும் தலையை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க" என்றாள். அவர் சின்னப் பிள்ளை போல் அழுதார்.

மழை வந்தது. வைத்தியர் சொன்னபடியே வெளிச்சமும் போனது.

அதற்குப் பிறகுதான் தேனம்மைக்கு அந்த வீடு எத்தனை பெரியது என்று தெரிந்தது. கூடத்தில் கை நீட்டினால் ஒரு தூண். நகர்ந்தால் அதே மாதிரி இன்னொரு தூண். எது சமையலறைப் பக்கம், எது வாசல் பக்கம் என்று புரியாமல் நடுவில் நின்றுவிடுவாள். வாசற்படி தடுக்கி விழுந்தாள். மாடிப்படியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். அவர் கேட்டால், "ஒண்ணுமில்லை, பழகிடும்" என்பாள்.

மரமும் தன் வேலையைக் காட்டியது. தூண்கள் திருகின. உத்தரம் முனகியது. கதவுகள் ஊதிக்கொண்டு நிலையில் சிக்கின.

ஒரு பகல், சாத்தப்பன் சந்தைக்குப் போயிருந்தார். தேனம்மை சமையலறையில் உலை வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி சரிந்து விறகுக் குவியலில் விழுந்தது. புகை மூக்கில் ஏறியதும் அவள் கதவுக்கு ஓடினாள். கதவு நகரவில்லை. சன்னலைத் தேடினாள். சன்னல் அழகுக்காக உயரத்தில் இருந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்துக் கத்தினாள்.

பக்கத்து வீட்டுக்காரி போட்ட கூச்சல் சந்தை வரைக்கும் போனது. சாத்தப்பன் ஓடி வந்து கடப்பாரையால் கதவைப் பிளந்தார். தேனம்மை இருமிக்கொண்டே அவர் மேல் வந்து விழுந்தாள். மரம் ஈரமாக இருந்ததால் தீ சுவருக்கு ஏறவில்லை. விறகு மட்டும் கரியானது.

சேறும் சகதியுமான முற்றத்தில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "உனக்காகத்தானே கட்டினேன் தேனு, உனக்காகத்தானே கட்டினேன்" என்று அவர் புலம்பினார்.

தேனம்மை மூச்சு வாங்கி, அவர் முகத்தைத் தடவினாள்.

"தெரியுங்க. நான் பாக்கணும்னு கட்டினீங்க. பார்த்தேன், சந்தோஷமா இருந்துது. ஆனா பார்த்தது ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் நான் இதுக்குள்ளே இருக்கணுமே. அதை யாரும் என்கிட்ட கேக்கலையே."

சாத்தப்பன் அவள் முகத்தில் படிந்த கரியைத் தன் துண்டால் துடைத்தார்.

செய்தி கேட்டு மருதாசாரி வந்தார். தலை குனிந்து நின்றார். "தப்பு என் பேர்லயும் இருக்கு ஆச்சி. தெரிஞ்சே உளியை எடுத்தேன்."

"அழுதுக்கிட்டு நிக்கிற மனுஷனுக்கு யாராலதான் முடியாதுன்னு சொல்ல முடியும்?" என்றாள் தேனம்மை. "இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க."

"மர ஆணியைத் தட்டி எடுத்தா வீடு அப்படியே கழன்று வந்திரும். அடுக்கி வச்சுக் காய விடலாம். ஆனா ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு இனிமே என்ன அவசரம்?"

வீடு இறங்கியது. தூணும் உத்தரமும் ஆசாரியின் கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கப்பட்டன. இருவரும் பழைய மூங்கில் வீட்டுக்கே திரும்பினார்கள்.

அந்த ஒரு வருஷமும் தேனம்மை வீடு கட்டினாள். எப்படி என்றால், வெற்று மனையில் நடந்து நடந்து கட்டினாள். காலையில் நடந்து, எங்கே வெயில் முகத்தில் படுகிறது என்று பார்த்தாள். பகலில் நடந்து, எங்கே நின்றால் தெருவின் பேச்சுக் கேட்கிறது என்று பார்த்தாள். சாயங்காலம் நடந்து, மழைக்காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாள். அவள் நில் என்ற இடத்தில் சாத்தப்பன் முளை அடித்தார். முளைக்கு முளை ஆசாரி கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே அவள் மறுபடி நடப்பாள். பிடிக்கவில்லை என்றால் முளையைப் பிடுங்கச் சொல்வாள். எத்தனை முறை பிடுங்கினாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"மாடி வேண்டாம்" என்றாள். "படி வேண்டாம்" என்றாள். "தூண் எல்லாம் ஒரே மாதிரி வேண்டாம். சமையலறைப் பக்கம் பலா, வாசல் பக்கம் வேங்கை, படுக்கிற அறைக்கு வேம்பு. தொட்டாலும் மோந்தாலும் எனக்கு இடம் தெரியணும்."

"மயிலாவது இருக்கட்டுமா தேனு?" என்று சாத்தப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். "இருக்கட்டும். என் கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும்."

பிறகு ஆசாரியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "நிலைவாசல் மட்டும் உயரமா வையுங்க. அவர் நெட்டை. மூங்கில் வீட்டுல தினமும் நெத்தியை இடிச்சுக்கறார். வாய் திறந்து சொல்ல மாட்டார்."

ஆசாரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மரம் காய்ந்தது. தட்டினால் மணி போல் பேசியது. வளைந்த மரங்களை ஒதுக்கி, நல்லதை இழைத்து, காய்ந்த பலாவும் வேங்கையும் வேம்பும் சேர்த்து மருதாசாரி மறுபடி ஏற்றினார். முன்பு கட்டியதில் பாதிகூட இல்லை இந்த வீடு.

குடிபுகும் நாளில் ஊர் கூடியது. மழையும் வந்துவிட்டது. தேனம்மை கணவரின் கையை விட்டாள்.

"நான் மட்டும் முதல்ல போறேன்" என்றாள்.

அவள் உள்ளே போனாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. சாத்தப்பன் பின்னாலேயே காலெடுத்து வைத்தார். ஆசாரி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். எல்லோரும் நனைந்துகொண்டே காது கொடுத்து நின்றார்கள். கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. விழுந்துவிட்டாளோ? வழி தவறி நிற்கிறாளோ? சாத்தப்பன் தோளில் இருந்த கையை உதறப் போனார்.

அப்போது உள்ளே பாத்திரம் ஒன்று அடுப்பில் உட்காரும் சத்தம் கேட்டது. நெய்யில் மிளகு பொரியும் வாசனை வாசல் தாண்டி வந்தது. அதன் பின்னாலேயே தேனம்மையின் குரல் வந்தது.

"எல்லாரும் ஏன் மழையில நிக்கிறீங்க? நம்ம வீடுதானே, உள்ளே வாங்க!"

கேட்டவர்களே, இதுதான் கதை சொல்லும் நீதி: எத்தனை அன்போடு ஒருவருக்கு ஒன்றைச் செய்யப் போனாலும், முதலில் அவரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.