மான் இறங்கிய நாலாவது கரை

ஊமைக்கடம்பு ஜமீனின் வேட்டைக் காட்டில் மூன்று கோடையாக மான் இல்லை. ஓடை வற்றியதும் அவை மேற்கு மலைக்குப் போய்விட்டன. சித்திரை வேட்டைக்கு வந்த விருந்தாளிகள் முயலைச் சுட்டுவிட்டு முகம் கோணாமல் விடைபெற்றார்கள். அந்த முகம் கோணாமைதான் ஜமீன்தார் சின்னழகரைச் சுட்டது.

தை மாதத்தில், காட்டுக்குள் ஊற்றுக்கண் பார்த்துக் குளம் வெட்டச் சொன்னார். முன்பு கட்டிய மண்டபத்துக் கற்கள் ஊரார் வீட்டில் அம்மியாகக் கிடப்பதை அவர் மறக்கவில்லை. ஆகவே தமுக்கடித்து இரண்டு வார்த்தை சொல்ல வைத்தார்: "மானை இந்தத் தண்ணீர் குடிக்க வைப்பவர் கேட்டது கிடைக்கும். குளத்துக் கல்லில் கை வைப்பவரின் ஆடு மாடு அரண்மனையைச் சேரும்."

இரண்டையும் பொம்மக்கா கேட்டாள். அவளுக்கென்று இருந்தவை பன்னிரண்டு வெள்ளாடுகள். பங்குனி பிறந்தால் ஊர்ப் புல் கருகிவிடும். காட்டுக்குள் பச்சை உண்டு. ஆனால் அங்கே அரண்மனை ஆடு மட்டுமே மேயலாம். மற்றவர் ஆட்டுக்குக் காட்டை ஊடறுக்கும் பாதையில் நடக்க மட்டும் அனுமதி. ஆனியில் முதல் மழை விழும்வரை எத்தனை உயிர் மிஞ்சுமோ என்பதே அவள் கவலை.

குளம் வெட்டியவன் சடைக்கன். கிணறு வெட்டிப் பழகிய கை. நாலு கரையிலும் நூல் பிடித்தாற்போல் செங்குத்தாகக் கல் அடுக்கினான். கரைக்கு இரண்டு முழம் கீழே தண்ணீர் பளிங்காக நின்றது. வேட்டைக்காரன் இருளாண்டி தன் நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டுக் காட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். நாய் வாடை இருந்தால் மான் அண்டாது.

ஒரு மாதம் போயிற்று. குளம் அந்தப் பாதையோரம்தான். நாள்தோறும் உச்சிவேளையில் பொம்மக்கா பனையோலைப் பட்டையால் மொண்டு ஆடுகளுக்கு ஊற்றுவாள். கரையைச் சுற்றி மான் குளம்படிகள் கிடக்கும். வந்திருக்கின்றன, எட்டிப் பார்த்திருக்கின்றன, திரும்பியிருக்கின்றன. ஒருநாள் மான்குட்டி ஒன்று தண்ணீருக்குள் தத்தளித்துக்கொண்டிருந்தது. தாய் புதர் ஓரத்தில் நின்று கத்தியது. பொம்மக்கா குதித்துக் குட்டியைத் தூக்கிக் கரையில் விட்டாள். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து உருட்டினாள். மண்ணைச் சரித்து மிதித்தாள். வீட்டுக்கு வந்து கஞ்சியில் கை வைத்தபோதுதான் அந்த இரண்டாவது வார்த்தை ஞாபகம் வந்தது.

கல்லைப் பெயர்த்த பத்தாம் நாள் விடியலில் இருபத்துமூன்று மான்கள் தண்ணீர் குடித்தன. சேதி கேட்டு ஜமீன்தார் வந்தார். ஊரும் வந்தது.

"குளம் என்னுது சாமி. குளமில்லாம மானு கானலையா குடிக்கும்?" என்றான் சடைக்கன்.

"நாயைக் கட்டிப்போட்டு நாப்பது நாள் சும்மா இருந்தவன் நான்," என்றான் இருளாண்டி.

"சும்மா இருந்ததுக்குப் பரிசுன்னா என் மச்சானுக்கு நாலு ஜமீன் எழுதி வைக்கணும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சும்மா இருக்கிறது லேசா? இருந்து பாரு தெரியும்!" என்று திரும்பினான் இருளாண்டி.

சிரிப்புக்கு நடுவே ஜமீன்தார் கரையைச் சுற்றி வந்தார். மூன்று கரையில் குளம்படிகள் வந்த வழியே திரும்பியிருந்தன. கிழக்கே மட்டும் நீர்வரை இறங்கியிருந்தன.

"இங்கே கல்லைப் பிடுங்கியது யார்?"

வாயைத் திறந்தால் ஆடு போகும். மூடிக்கொண்டாலும் புல்லில்லாமல் போகத்தான் போகிறது. பொம்மக்கா முன்னால் வந்தாள்.

"நான்தான் சாமி. கல்லைப் பிடுங்கினதும் நான்தான், மானை இறக்கினதும் நான்தான்."

"பாத்தீங்களா சாமி! என் கல்லுக்கட்டு!" என்று குதித்தான் சடைக்கன்.

"ஏண்ணே, மானு என்ன இடுப்புல குடத்தோடயா வரும்?" என்றாள் பொம்மக்கா.

ஜமீன்தாருக்குச் சிரிப்பு வந்தது. உடனே சங்கடமும் வந்தது. மன்னித்தால் இரண்டாம் சொல் பொய். ஆட்டைப் பறித்துவிட்டு அதையே பரிசென்று திருப்பி நீட்டினால் அவளுக்குக் கிடைத்தது என்ன? அவிழ்த்த கயிறு மறுபடி கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

சொல்லுங்கள்: மூவரில் பரிசு யாருக்கு? இரண்டு சொல்லும் நிற்க, அவளுக்கும் நன்மை வர, என்ன வழி?

விடை: சடைக்கன் தண்ணீரைக் காட்டினான், இருளாண்டி பயத்தை விலக்கினான். இருவரும் செய்தது முடிந்து ஒரு மாதமாகியும் மான் கரையோடு திரும்பியதைக் குளம்படிகளே சொல்கின்றன. குடிக்க வைத்தவள் பொம்மக்கா; பரிசு அவளுக்கே. வழியையும் அவளே சொன்னாள்: "ஆட்டை எடுத்துக்கங்க சாமி. இனிமே பன்னெண்டும் அரண்மனை ஆடு." அரண்மனை ஆடு காட்டில் மேயத் தடை ஏது? விடியலில் மான் குடிக்கும், உச்சியில் ஆடு குடிக்கும், இடைஞ்சலும் இல்லை. பரிசாக அவள் கேட்டது ஒன்றுதான்: "மொத மழை விழுந்த அன்னைக்கு என் ஆட்டை எனக்குக் குடுத்திருங்க." ஆனியில் பன்னிரண்டும் ஐந்து குட்டிகளோடு வீடு திரும்பின. அடுத்த குளத்தைச் சடைக்கன் பொம்மக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வெட்டினான்.