ஒரு தொண்டை, இரண்டு குரல்

வெண்ணாற்றூரை ஆண்ட மதிவாண ராஜா நல்லவர்தான். ஆனால் எதையாவது புதிதாகக் கேள்விப்பட்டால் போதும், அது தன் நாட்டிலும் உடனே இருந்தாக வேண்டும். ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு மிருகம் உண்டென்று யாரோ சொல்லப்போக, லாயத்துக் குதிரைகளின் கழுத்தைத் தினமும் இழுத்துவிடச் சொன்ன மனுஷர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் சபைக்கு ஒரு நாள் தெமுர் என்ற பாடகன் வந்தான். வடக்கே பனிமலைகளுக்கும் அப்பால் உள்ள புல்வெளி நாட்டுக்காரன். வணிகர்களோடு ஊர் ஊராகச் சுற்றியதில் தமிழும் பேசுவான். ரோமத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாயைத் திறந்தான்.

அடித்தொண்டையில் எருமை உறுமுவதுபோல் ஒரு குரல். அதே மூச்சில், அதற்கு மேலே புல்லாங்குழல்போல் இன்னொரு குரல். இரண்டும் ஒரே வாயிலிருந்து!

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். அவனுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தார். தொப்பிக்குள்ளும் பார்த்தார்.

“எங்கள் ஊரில் ஆடு மேய்ப்பவன்கூட இப்படிப் பாடுவான், ராஜா” என்றான் தெமுர். “மேற்கே ஒரு மலைநாட்டில், நெஞ்சுக் குரலிலிருந்து உச்சிக் குரலுக்குத் தாவித் தாவிப் பாடி எதிர்மலை மாட்டைக் கூப்பிடுவார்களாம். உறைபனி நாடு ஒன்றில் இரண்டு பெண்கள் முகத்தோடு முகம் வைத்து மூச்சாலேயே பாடுவார்களாம். முதலில் சிரித்தவள் தோற்றாள்.”

ராஜாவுக்கு இருப்புக் கொள்ளுமா? முதலில் தாவல் பாட்டைப் பாடிப் பார்த்தார். கொட்டிலில் இருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு சபைக்குள் வந்து நின்றன. அடுத்து மூச்சுப் பாட்டு. சேனாதிபதியை எதிரே நிறுத்தினார். ராஜாவின் மீசை மூக்கில் உரச, சிரிக்கவும் முடியாமல் தும்மவும் முடியாமல் சேனாதிபதி மயங்கி விழுந்தார். இரட்டைக் குரல் மட்டும் எவ்வளவு முக்கினாலும் வரவில்லை.

கோபமெல்லாம் அரண்மனைப் பாடகர் நல்லையா மேல் திரும்பியது.

“நல்லையா! இத்தனை காலம் ஒற்றைக் குரலில் பாடியே என்னை ஏமாற்றிவிட்டீர். வருகிற பௌர்ணமிக்குள் இரட்டைக் குரலில் பாட வேண்டும். இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும்!”

“மகாராஜா, யாரிடம் போய்க் கற்பேன்? சின்ன வயதிலிருந்தே பழகினால்தான் வரும் என்கிறாரே தெமுர்.”

“அவரை விடும். இவ்வளவு பெரிய நாட்டில் இந்த வித்தை தெரிந்த குரு ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? தேடிக் கண்டுபிடியும்!”

பாவம் நல்லையா. ஆற்றங்கரையில் உட்கார்ந்து உறுமு உறுமு என்று உறுமினார். தொண்டை வீங்கியதுதான் மிச்சம். வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அரண்மனை விகடகவி சேந்தனிடம் ஓடினார்.

“சேந்தா, இருந்த ஒரு குரலும் போச்சுப்பா!” தவளை கத்துவதுபோல் இருந்தது.

சேந்தனுக்கு மனசு கேட்கவில்லை. “இந்தத் திப்பிலியை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இரும். மிச்சத்தை நான் பேசுகிறேன்” என்றான்.

பௌர்ணமி வந்தது. சேந்தன் சபையில் எழுந்தான்.

“மகாராஜா, நம் நாட்டிலேயே ஒரு குரு இருக்கிறார். தெமுரையே தோற்கடிப்பார். ஆனால் நல்லையாவுக்கு ஒரு பாடம்கூடச் சொல்லித் தரவில்லை.”

“என்ன திமிர்! வித்தையை வைத்துக்கொண்டு தராதவன்தான் குற்றவாளி. நல்லையாவை விட்டுவிடுங்கள். அந்தக் குருவை நாடு கடத்துங்கள்!”

“சபையறியச் சொல்கிறீர்களா?”

“சபையறிய! யாரவன்?”

“மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாடுவார். அப்போது கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன்.”

“நல்லது. அதற்குள் நானும் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்கிறேன்” என்றார் ராஜா.

அன்று பலாப்பழப் பாயசம். ராஜா வயிறு முட்டக் குடித்துவிட்டு ஊஞ்சலில் சாய்ந்தார். பக்கத்தில் ராணி கோமளநாச்சி விசிறிக்கொண்டிருந்தார். சேந்தன் சபையோர் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு பூனைபோல் உள்ளே வந்தான்.

“கொர்ர்ர்ர்...” அடியில் ஒரு குரல்.

“உய்ய்ய்ய்...” அதற்கு மேலே, அதே மூச்சில், இன்னொரு குரல்.

தெமுர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“குருவே! இப்படியொரு தொண்டை எங்கள் நாட்டிலேயே இல்லை. மூக்கிலிருந்து மூன்றாவது குரல்கூட வருகிறதே!”

ராஜா திடுக்கிட்டு எழுந்தார். “என்ன? யார்? எங்கே அந்தக் குரு?”

“ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார், மகாராஜா” என்றான் சேந்தன். “நாடு கடத்தப் பல்லக்கு வாசலில் தயார். தாங்கள் ஏற வேண்டியதுதான் பாக்கி.”

“நானா? நான் குறட்டை விடுவதே கிடையாது!”

“தூங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?” என்றார் ராணி.

ராஜா சுற்றிலும் பார்த்தார். சேனாதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நல்லையா வாயில் மேல்துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தவர் ராஜாதான். ஊஞ்சல் சங்கிலியெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

“தோற்றேன்! குருவுக்கும் தண்டனை இல்லை, சிஷ்யனுக்கும் இல்லை. நல்லையா, உமது ஒற்றைக் குரலே எனக்குப் போதும்!” என்று தன் பட்டுச் சால்வையை அவருக்குப் போர்த்தினார். கைவிரல் மோதிரத்தைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார்.

எல்லாரும் கலைந்ததும் ராணி மெதுவாகத் தெமுரைப் பக்கத்தில் அழைத்தார்.

“பாடுகிற வித்தையெல்லாம் இருக்கட்டும், தம்பி. இதை நிறுத்துகிற வித்தை ஏதாவது உங்கள் ஊரில் உண்டா?”