வைக்கோல் கையில் வந்த வளையல்

மலைக்கு அந்தப் பக்கம், ஆத்துக்கும் அந்தப் பக்கம், காட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல எல்லார் வீட்டு அடுப்புலயும் சோறு வேகும், ஒரே ஒரு வீட்டுல மட்டும் கண்ணாடி வேகுமாம். ஏன்னா அது வளையல்காரங்க வீடு. அந்த வீட்டுல சோலையாண்டின்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி சிட்டம்மான்னு ஒருத்தி. அவன் உலையில கண்ணாடியை உருக்கி வளைப்பான், இவ அதை எண்ணி, கோத்து, கட்டி, கழுதை மேல ஏத்தி சந்தைக்குக் கொண்டு போவா. இவ கட்டின கட்டுல அதுவரைக்கும் ஒரு வளையல் கூட விரிசல் விட்டது கிடையாதாம்.

அப்படி என்ன பெரிய கட்டுன்னு கேக்குறியா? வைக்கோலை எடுத்து முறுக்கு முறுக்குன்னு முறுக்கி, நம்ம கை மொத்தத்துக்கு ஒரு பிரி திரிப்பா. அந்தப் பிரியில வளையலை ஒண்ணொண்ணா, கையில போடுற மாதிரியே மாட்டுவா. இடையில ஒரு நெல்லு போக இடம் இருக்காது. மேல இன்னொரு சுத்து வைக்கோல், அதுக்கு மேல பனைநார்க் கட்டு. அவ்வளவுதான். ஒரு கழுதை ஊருக்கே வளையல் சுமக்கும். சந்தையில கட்டைப் பிரிச்சதும் வைக்கோலைக் கழுதை தின்னுரும். கூட்டி அள்ள ஒரு துரும்பு மிஞ்சாது.

இப்படி இருக்கையில, அந்த நாட்டு ராணிக்கு ஏழாம் மாசம் வந்துச்சாம். வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு. ராஜா தன்னோட மணியக்காரரைக் கூப்பிட்டு, "நல்ல வளையலா நூத்தியோரு வளையல் வரணும். ஒண்ணு கூட உடையக் கூடாது. வளைகாப்பு வளையல் உடைஞ்சு வந்தா ராணி மனசு தாங்காது"ன்னு சொன்னாராம்.

இந்த மணியக்காரர் இருக்காரே, அவர் எதையும் திறந்து பார்க்க மாட்டார். வெளிய பார்த்தே மெச்சுவார், வெளிய பார்த்தே திட்டுவார். மாம்பழத்துக்குத் தோல் பளபளன்னு இருந்தாப் போதும்பார். சிட்டம்மா வீட்டுக்கு முதல்ல ஆள் விட்டு வளையல் சொல்லிட்டு, அப்புறம் அவரே பல்லக்குல ஏறி வந்து இறங்கினாரு. அவ வைக்கோல் திரிச்சுக்கிட்டு இருந்தா.

"என்னம்மா இது?"

"வளையல் கட்டுங்கய்யா. ராணியம்மாவுக்குத்தான்."

"மாட்டுத் தீனியையா ராணியம்மாவுக்கு அனுப்புற? பார்க்குறவன் சிரிக்க மாட்டான்? பெட்டி செய்யணும், பெட்டி! கன்னுக்குட்டி படுக்குற மாதிரி மூணு மரப்பெட்டி. மேல மயில் செதுக்கணும், உள்ள பட்டு விரிக்கணும்."

சிட்டம்மா யார்கிட்டயும் எதுத்துப் பேசாதவ. தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "ஐயா, வளையல் இத்தனூண்டுதானுங்களே, பெட்டி பெருசா இருந்தா உள்ள உருளுமே"ன்னா.

"மயிலுக்குத் தோகை விரிஞ்சிருக்கணும்"னு சொல்லிட்டு அவர் பல்லக்குல ஏறிட்டாரு. அவ சொன்னது காதுல விழுந்தாத்தானே?

பெட்டிக்கு மரம் வேணுமே? கண்மாய்க் கரையில வரிசையா புங்க மரம் நின்னுச்சு. மூணு மரத்தை வெட்டினாங்க, மூணு பெட்டி செஞ்சாங்க. ஒரு கழுதை கொண்டு போற வளையலுக்கு ஆறு கழுதை கட்டினாங்க. சோலையாண்டி ஓட்டிக்கிட்டுப் போனான். காட்டுல பாதை ஒத்தையடி, பெட்டி அகலம், முள்ளை வெட்டி வெட்டிப் போனான். ஆத்துல பரிசல் சின்னது, ஒரு நடைக்கு ஒரு பெட்டிதான் ஏறுச்சு. மலையில கழுதைக்கு முட்டி மடங்கிப் போச்சு. மூணு நாள் வழியை ஆறு நாள் நடந்து அரண்மனைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தா, உள்ள முக்கால்வாசியும் தூளு!

மணியக்காரர் என்ன செஞ்சாரு? தப்பு பெட்டி மேலன்னு சொன்னாரா? சொல்வாரா அவரு! "இவன் வளையல்ல தெம்பு இல்லை. நூத்தியோரு வளையல் முழுசா வந்து சேர்ற வரைக்கும் இவன் உள்ளேயே கிடக்கட்டும்"னு சோலையாண்டியைச் சிறையில போட்டுட்டாரு.

சேதி கேட்டு சிட்டம்மா அழுதா. அழுதுட்டு, தானே உலை முன்னாடி உட்கார்ந்து கண்ணாடி வளைச்சா. கையெல்லாம் கொப்பளம். முடிக்கிற நேரத்துக்கு மணியக்காரர்கிட்டேருந்து ஓலை வருது. என்னன்னு? 'போன தடவை பெட்டியில உறுதி பத்தலை. இந்தத் தடவை பலகை ரெண்டு மடங்கு மொத்தமா, இரும்புப் பட்டை அடிச்சு, ஆறு பெட்டியா வரட்டும்.'

"ஐயோ சாமி, பெட்டி உடையலையே! வளையல்தானே உடைஞ்சுச்சு!"ன்னு அவ ஓலைகிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?

கண்மாய்க் கரையில இன்னும் ஆறு மரம் விழுந்துச்சு. பன்னெண்டு கழுதை. இவளே ஓட்டிக்கிட்டுப் போனா. வழியில இவ வீட்டுக் கழுதை நின்னு திரும்பிப் பார்த்து, "அக்கா, நான் சுமக்குறது வளையலா, மரமா?"ன்னு கேட்டுச்சாம்.

"மரம்தான்."

"மரத்துக்குள்ள என்ன இருக்கு?"

"காத்து."

"காத்துக்குள்ள?"

"காத்துக்குள்ள எங்கேயோ கொஞ்சம் வளையல். நட நட, என் வாயைக் கிண்டாத."

காட்டைத் தாண்டி, ஆத்தைத் தாண்டி, மலையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தா. பெட்டியை இறக்கும்போதே உள்ள கலகலன்னு ஒரு சத்தம். எல்லாம் உடைஞ்சு கிடக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் சோலையாண்டி தாடியும் மீசையுமா நிக்குறான். நின்னுக்கிட்டு என்ன கேக்குறான் தெரியுமா?

"ஏன்டி, வைக்கோல்ல கட்டிக் கொண்டாந்திருக்கலாம்ல?"

சிட்டம்மாவுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்துச்சு. "அதை உங்க மணியக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க! சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. உள்ள உட்கார்ந்துக்கிட்டு எனக்குக் கட்டுக் கட்டச் சொல்லித் தர்றீங்களோ?"

"கோவிச்சுக்காத சிட்டு..."

"கோவிச்சுக்காம? கொஞ்சுவாங்களா?"ன்னுட்டு விறுவிறுன்னு ஊருக்குத் திரும்பிட்டா.

வளைகாப்புக்குப் பத்தே நாள். இந்தத் தடவை மணியக்காரர் தானே தச்சனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. "இனி ஒரு வளையல் உடைஞ்சாலும் உன் புருஷன் ஆயுசுக்கும் வெளிய வர மாட்டான்"னாரு.

"ஐயா, ஒரே ஒரு தடவை வைக்கோல்ல..."

"பெட்டி!"

"ஐயா, பாதியையாவது..."

"பெட்டி!"

"ஐயா, பெட்டிக்குள்ளயாவது நாலு பிடி வைக்கோல் திணிச்சு..."

"பெட்டிக்குள்ள பெட்டி! அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி! அதுக்குள்ள வளையல்!"

கேட்டியா கூத்தை? சிட்டம்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தா, குனிஞ்சு பூமியைப் பார்த்தா, "சரிங்க"ன்னா. வேற என்னத்தைச் சொல்ல? மிச்சம் இருந்த புங்க மரம் மொத்தமும் விழுந்துச்சு. கரை மொட்டையாப் போச்சு. இவ ராப்பகலா உலையில உட்கார்ந்து நூத்தியோரு வளையல் வளைச்சு மணியக்காரர்கிட்டக் குடுத்தா. அப்புறம் இன்னொரு நூத்தியோரு வளையல் வளைச்சா. வைக்கோலைத் திரிச்சு, கை மாதிரி ரெண்டு பிரி பண்ணி, அதுல மாட்டி இறுக்கிக் கட்டித் தன் கழுதை மேல போட்டுக்கிட்டா.

"அது என்ன?"ன்னாரு மணியக்காரர்.

"வழியில கழுதைக்குத் தீனிங்க."

"ம். இப்பத்தான் வைக்கோலை எங்க வைக்கணும்னு உனக்குப் புத்தி வந்திருக்கு."

எல்லாரும் கிளம்பினாங்க. ஆத்தங்கரைக்கு வந்தா பரிசல்காரன் பெட்டியைப் பார்த்துத் தலையில கை வச்சுட்டான். "ஐயா, ஒவ்வொண்ணா ஏத்தி இறக்கினா இன்னைக்குப் பொழுதுக்கும் இதே வேலைதான். என் புள்ளைக்குப் பொண்ணு பார்க்கப் போகணும்யா!"

"ராஜ காரியம்டா!"

"ராணி பெட்டியவா கையில மாட்டப் போறாங்க?"ன்னு முணுமுணுத்துக்கிட்டே பெட்டியைத் தூக்கினான். சிட்டம்மா தன் கட்டை இடுப்புல வச்சுக்கிட்டு, முதல் நடையிலேயே பெட்டிக்கு ஓரமா ஒண்டிக்கிட்டு அக்கரை போயிட்டா. கழுதை நீந்தி வந்துச்சு. அப்புறம் என்ன, மலையில மடமடன்னு ஏறி, இறங்கி, மத்தவங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே கோட்டை வாசலுக்குப் போயிட்டா.

காவல்காரன் கட்டைப் பார்த்து, "வைக்கோலா? லாயத்துக்குப் போ"ன்னான். வளையல்னு சொன்னா, "மணியக்காரர் முத்திரை இருக்கா?"ன்னான். இல்லை. சரின்னு லாயத்துலயே உட்கார்ந்துட்டா. சுத்தி இருவது குதிரை. அதுங்க கண்ணு பூரா இவ கட்டு மேல. "கிட்ட வந்தே, மூக்குல ஒண்ணு வைப்பேன்"னு ஒவ்வொரு குதிரையா மிரட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தா பாவம்.

வளைகாப்பு அன்னைக்குக் காலையில மேளதாளத்தோட பெட்டி வந்துச்சு. லாயத்துக்கு எதுத்த முத்தத்துலதான் இறக்கினாங்க. ராஜா வந்தாரு, ராணி நிறைமாசம் மாதிரி மெல்ல நடந்து வந்தா, ஊரே வந்துச்சு. மணியக்காரர் மீசையைத் தடவிக்கிட்டுப் பெரிய பெட்டியைத் திறந்தாரு, "ஆகா!"ன்னாங்க. நடுப்பெட்டியைத் திறந்தாரு, "ஆகா!"ன்னாங்க. சின்னப் பெட்டியைத் திறந்தாரு. அத்தனை பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாங்க. உள்ள பச்சையும் சிவப்புமா மாவு மாதிரி கிடக்கு.

எல்லாப் பெட்டியும் அப்படித்தான். ராணி வயித்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ராஜாவுக்கு முகம் சிவந்துச்சு. மணியக்காரர் உடனே, "அந்த வளையல்காரனை..."ன்னு ஆரம்பிச்சாரு.

"போதும்யா!"ன்னு லாயத்துலேருந்து ஒரு குரல்.

எதுத்துப் பேசாத சிட்டம்மாதான். தலையில வைக்கோல் தூசி, இடுப்புல கட்டு. காவல்காரன் தடுக்குறதுக்குள்ள முத்தத்துக்கு வந்து, ராணி முன்னாடி உட்கார்ந்து, பல்லால நாரைக் கடிச்சு அறுத்து, வைக்கோலை விலக்கினா. உள்ள ரெண்டு கை நிறைய வளையல்! ஒண்ணொண்ணா உருவி எண்ணினா. நூறு. நூத்தியொண்ணு. ஒரு கீறல் இல்லை.

மணியக்காரர் விட்டாரா? "வைக்கோல்ல வந்ததை ராணியம்மா போடுறதா?"ன்னாரு.

ராணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அப்போ பெட்டியைப் போட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டு, ரெண்டு கையையும் நீட்டிட்டா.

வளையல் போட்டாச்சு, பாட்டுப் பாடியாச்சு. ராஜா சிட்டம்மாவைப் பார்த்து, "இதை ஏம்மா முதல்லயே செய்யலை?"ன்னாரு. அம்புட்டுத்தான், பிடிச்சுக்கிட்டா. "என்னைச் செய்ய விட்டாங்களா ராஜா? ஒரு கழுதைச் சுமையை ஆறு கழுதை சுமந்துச்சு, பன்னெண்டு கழுதை சுமந்துச்சு. மூணு நாள் வழி ஆறு நாளாச்சு. எங்க கண்மாய்க் கரையில ஒத்தை மரம் கிடையாது, மழை பெஞ்சா மண்ணெல்லாம் கரைஞ்சு ஊருக்குள்ள தண்ணி வரும். உங்க கொல்லையில எட்டிப் பாருங்க, காலிப் பெட்டி மலை மாதிரி கிடக்கு, எலி குடும்பம் நடத்துது. இவ்வளவும் எதுக்கு? பார்க்குறவங்க பார்க்குறதுக்கு! என் புருஷன் எதுக்கு உள்ள இருக்கான்? அதுக்கும் அதுதான்!"

ராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சோலையாண்டியை அந்த நிமிஷமே திறந்து விட்டாங்க. அப்புறம் ராஜா மணியக்காரரைப் பார்த்து, "நீர் இவங்க ஊருக்குப் போய், வெட்டின மரத்துக்கு ஒண்ணுக்கு மூணா நடும். கரை முழுக்க நிழல் விழுற வரைக்கும் தண்ணி சுமக்குறதுதான் உமக்கு வேலை. பல்லக்கு கிடையாது. உமக்குப் பிடிச்ச பெட்டியிலேயே போம்"னு சொல்லிட்டாரு.

மயில் செதுக்கின பெரிய பெட்டியில அவரை உட்கார வச்சு, ரெண்டு கழுதைக்கு நடுவுல கட்டினாங்க. கழுதை ஒரு அடி எடுத்து வச்சுச்சு, தொம்முன்னு ஒரு சத்தம். இன்னொரு அடி, தொம். மூணாவது அடியில பெட்டிக்குள்ளேருந்து தலை வெளிய வந்துச்சு.

"அம்மா... சிட்டம்மா... உள்ள ரொம்ப உருளுதும்மா. ரெண்டு பிடி வைக்கோல் திணிச்சு விடேன்."

சிட்டம்மா திரும்பிப் பார்த்தா. அவ கழுதை கடைசி வாய் வைக்கோலை மென்னுக்கிட்டு நிக்குது.

"தீந்து போச்சுங்கய்யா. பட்டு விரிச்சிருக்கே, பத்தாதா?"ன்னுட்டு, புருஷனோட முன்னாடி நடந்தாளாம்.

மலையெல்லாம் தொம் தொம், காடெல்லாம் தொம் தொம். அந்த ஆளு நட்ட புங்க மரம் இப்போ ஆள் உயரம் வந்துருச்சாம். எதைக் கட்டினாலும் உள்ள இருக்குறதுக்காகக் கட்டணும் கண்ணு, பார்க்குறவன் வாய்க்காகக் கட்டக் கூடாது. சொன்னவளுக்குத் தாகம் வந்துருச்சு, கேட்டவளுக்குக் கொட்டாவி வந்துருச்சு, கதையும் வீடு போய்ச் சேர்ந்துருச்சு.